கைகாட்டி எழாத நாள்

சப் இன்ஸ்பெக்டர் என் காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் நடுவில் இருந்த விசையை வலப்பக்கம் தள்ளினார். கதவை ஒட்டிய தூணிலிருந்து 'டக்' என்று கைகாட்டி வெளியே வந்து நீட்டிக்கொண்டு நின்றது. விசையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். கை மடங்கி உள்ளே போயிற்று. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் 'டக்'.

பன்னிரண்டு தடவை. நான் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது எழாமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் ஜெபம்கூடச் செய்தேன். பன்னிரண்டு தடவையும் எழுந்தது.

"நல்லாத்தானே வேலை செய்யுது, டாக்டரம்மா?" என்றார் அவர்.

"இப்போ செய்யுது. அன்னிக்குச் செய்யலை."

"அன்னிக்கு நீங்க விசையைத் தள்ளினீங்களா?"

"தள்ளினேன்."

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுதும்போது முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பொய் சொல்லும் மனிதர்களைத் தினமும் பார்த்துப் பழகியவரின் அலுப்பு மட்டும் இருந்தது. அந்த வரிசையில் நானும் ஒருத்தியாகச் சேர்ந்துவிட்டேன் என்பது எனக்கு விளங்கியது.

இந்தப் பகுதியை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தயங்கினேன். மருந்தகம் தொடங்கிய கதை, முதல் பிரசவம் பார்த்த கதையெல்லாம் எழுதும்போது கை தானாக ஓடியது. இதற்கு ஓடவில்லை.

பித்தளையும் செல்லுலாய்டும்

இந்தக் காலத்துக் கார்களில் திரும்புவதற்கு முன் விளக்கு கண் சிமிட்டுகிறது. யுத்த காலத்தில் நான் ஓட்டிய காரில் அது கிடையாது. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கைகள் ஒளிந்திருக்கும். ஒரு சாண் நீளம், பித்தளைச் சட்டம், அதில் ஆரஞ்சு நிறச் செல்லுலாய்டு, உள்ளே ஒரு குட்டி பல்பு. விசையைத் தள்ளினால் மின்சாரம் பாய்ந்து கை வெளியே எழும்பும். ரயில்வே கைகாட்டியைப் போலவே இருந்ததால் ஜனங்களும் அதைக் கைகாட்டி என்றே சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடமிருந்து அந்தக் கார் எனக்கு வந்தது. என் மருந்தகம் நசரத்பேட்டையில். ஆனால் நோயாளிகள் பூந்தமல்லி, பருத்திப்பட்டு, ஆவடி, சேக்காடு என்று சிதறிக் கிடந்தார்கள். டாக்டர் என்பதால் பெட்ரோல் கூப்பன் கிடைத்தது. ஓட்டக் கற்றுக்கொண்டு நானே ஓட்டினேன்.

அந்தக் கைகாட்டி எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ஒரு பெண்தான் புரிந்துகொள்ள முடியும். அதற்கு முன் என் தகப்பனாரின் பழைய வண்டியை ஓட்டியபோது, திரும்புவதற்கு ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்ட வேண்டும். நான் கையை நீட்டியதும் வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். "மவராசி கூப்புடுறா, போடா" என்று ஒருவன் கத்துவான். இன்னொருவன் சைக்கிளில் ஒட்டி வந்து என் விரல்களைத் தட்டிவிட்டுப் போனான். பிறகு நான் கையை நீட்டுவதையே குறைத்துக்கொண்டேன்.

புதுக் காரில் கையை நீட்ட வேண்டியதில்லை. பித்தளைக் கை எனக்காக நீண்டது. அதை யாரும் கேலி செய்யவில்லை.

ஒரே ஒரு குறை. வலது கைகாட்டி என் தோளுக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. தலையைத் திருப்பினால்தான் தெரியும். நான் தலையைத் திருப்புவதில்லை. 'டக்' சத்தம் கேட்டால் போதும்.

சேக்காட்டுத் திருப்பம்

அது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ஆவடிக்கு அந்தப் பக்கம் சேக்காட்டுக்குள் போகும் மண் பாதையில் திரும்ப வேண்டியிருந்தது. எதிரே ராணுவ லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவை போகட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். கடைசி லாரி தாண்டியது. விசையைத் தள்ளினேன். லாரி இரைச்சலில் 'டக்' கேட்டதா என்று கவனிக்கவில்லை. பாதை குறுகல், வாய்க்கால் மதகு வேறு. அதனால் ஸ்டியரிங்கை முதலில் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்து, வளைவுக்கு இடம் செய்துகொண்டு வலப்பக்கம் திருப்பினேன்.

தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு மனிதனின் குரல்.

பின்னால் சைக்கிளில் வந்தவர், நான் மெதுவாகப் போவதைப் பார்த்து வலப்பக்கமாக என்னைத் தாண்ட முயன்றிருக்கிறார். பெயர் ஏகாம்பரம். சேக்காட்டில் பரம்பரையாகப் பயிர் செய்யும் குடும்பம். யுத்தம் வந்த பிறகு ராணுவக் கிடங்கில் கூலி வேலைக்கும் போய்வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

காலை அசையாமல் கட்டி, அவரைப் பின் இருக்கையில் ஏற்றி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். வழி முழுக்க அவர் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கை வர்லியேம்மா. நான் பாத்துகினுதானே வந்தேன். கை வர்லியே."

"நான் போட்டேன்" என்று நானும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

தினமும் ஒரே வீடு

எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, காயத்துக்கு மருந்து வைக்க அதில் ஒரு ஜன்னல் விட்டு, பத்து நாளில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் காயத்தைக் கழுவிக் கட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் அதைச் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை. வழக்கு முடியும்வரை லைசென்ஸைப் பிடித்துவைக்கவில்லை. ஆகவே காரில்தான் போனேன்.

மருத்துவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பயம் உண்டு. எலும்பு வெளியே வந்த காயம் எந்த நாளிலும் புரையோடலாம். அப்படி ஆனால் கால் போகும், சில சமயம் உயிரும் போகும். இப்போது கிடைக்கும் ஊசி மருந்துகள் அன்று எங்கள் கைக்கு எட்டவில்லை. சல்ஃபா பொடியைத் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு காலையும் பழைய கட்டைப் பிரிக்கும்போது முதலில் முகர்ந்து பார்ப்பேன். கெட்ட நாற்றம் வருகிறதா? இல்லை. மூச்சு விடுவேன். மறுநாள் காலை மறுபடியும் அதே பயம்.

அவர் மனைவி கன்னியம்மா வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏகாம்பரம் பேசுவார்.

"டாக்டரம்மா, நான் பொய் பேசுறவன் இல்ல. கோர்ட்டுல கேட்டாலும் இதான் சொல்லுவேன். கை வர்ல."

"நீங்க பார்த்தது நீங்க சொல்லுங்க. நான் செஞ்சது நான் சொல்றேன். நான் போட்டேன்."

"அப்போ நான் குருடனா?"

நான் கட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். என்னைப் பொய்க்காரி என்று நினைப்பவரின் காலைத் தினமும் தொட்டுக் கழுவுவது எளிதாக இல்லை. தன்னை இடித்தவளிடம் காலை நீட்டுவது அவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

போகப் போக எனக்கே சந்தேகம் வந்தது. விசையைத் தள்ளிய ஞாபகம் நன்றாக இருக்கிறது. கட்டைவிரலில் அந்த வழவழப்புகூட நினைவிருக்கிறது. ஆனால் அது அந்தச் செவ்வாய்க்கிழமையின் ஞாபகமா? ஆயிரம் தடவை தள்ளியிருக்கிறேன். வேறு ஒரு நாளின் ஞாபகத்தை எடுத்து அந்த நாளில் ஒட்டிவிட்டேனா? நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, அளவைச் சரியாக எழுதினேனா என்று அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சீட்டை வாங்கிப் பார்ப்பேன். ஒரு விஷயத்தில் என்மேல் நம்பிக்கை போனதும் எல்லாவற்றிலும் போய்விட்டது.

தாவூத் மேஸ்திரி கை விரித்தார்

பூந்தமல்லியில் தாவூத் மேஸ்திரி என்பவர் கார் ரிப்பேர் பார்த்தார். பல் இடுக்கில் எப்போதும் ஒரு கிராம்பு. அவரிடம் காரைக் கொண்டுபோனேன். ஃப்யூஸைப் பார்த்தார். பாட்டரி முனைகளைச் சுரண்டினார். தூணிலிருந்து கைகாட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினார். பிறகு விசையைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா இது, தங்கம் மாதிரி வேலை செய்யுது" என்றார்.

"அன்னிக்கு எழலை, மேஸ்திரி."

"எழாத கையை எழவெக்கலாம். எழுற கையை நான் இன்னா பண்றது? கெட்டுப்போய்க் கீறப்பவே கொண்டாங்க, பாக்கலாம்."

அதுதான் சங்கடம். முறைக்காய்ச்சல் நோயாளிகள் பலர் இப்படித்தான். வீட்டில் அனலாய்க் கொதிப்பார்கள், மருந்தகத்துக்கு வரும்போது உடம்பு குளிர்ந்திருக்கும். காய்ச்சல் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது வைத்தியம் ஆகாது. எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன நடக்கிறது என்று அட்டையில் குறித்துக்கொண்டே வர வேண்டும்.

மருந்தகத்தில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ரத்தினத்திடம் அதைச் சொன்னேன். ரத்தினம் கொரட்டூர்க்காரி, என்னைவிட நான்கு வயது மூத்தவள். வாய் அதிகம் திறக்கமாட்டாள், கண் எதையும் விடாது. "அட்டை எடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

களத்துமேட்டில் இரண்டு சாயங்காலம்

அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த ஒரு களத்துமேட்டுக்குக் காரைக் கொண்டுபோனோம். ரத்தினம் நடுவில் காய்ச்சல் அட்டையும் பென்சிலுமாக நின்றாள். நான் சுற்றிச் சுற்றி வந்து, விசையைத் தள்ளி, வலப்பக்கம் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் அவள் குறித்துக்கொண்டாள். எஞ்சின் சூடாவதற்கு முன், சூடான பிறகு, ஹார்ன் அடித்துக்கொண்டு, முன்விளக்கைப் போட்டுக்கொண்டு. முப்பது தடவை. முப்பதிலும் கை எழுந்தது.

இருட்டத் தொடங்கியபோது இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரத்தினம், நான்தான் போடலை போலிருக்கு" என்றேன்.

அவள் அட்டையை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டாள். களத்துமேட்டில் இரண்டு பெரிய கற்களை எடுத்து, ஒரு வண்டி மட்டும் நுழையும் அகலத்தில் வைத்தாள்.

"நேத்து நீங்க பெரிய வளைவா வளைச்சுத் திரும்பினீங்க. ரோட்டுல நீங்க அப்படித் திரும்பறதில்ல. இதுதான் சேக்காட்டுப் பாதைன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்புங்க."

கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். விசையைத் தள்ளியபடி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்தேன், வழக்கம்போல. பிறகு வலப்பக்கம்.

ரத்தினம் பென்சிலை உயர்த்தினாள்.

"வரலை" என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். விசை வலப்பக்கம் தள்ளியபடியே இருந்தது. கை தூணுக்குள்ளே இருந்தது. மறுபடியும் செய்தோம். நாலாவது தடவை மறுபடியும் எழவில்லை. ஆறாவது தடவையும். நான் அழுதுகொண்டே சிரித்தேன். என் ஞாபகம் பொய் சொல்லவில்லை.

காரை நகர்த்தாமல், அலுங்காமல் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, தாவூத் மேஸ்திரியை ஜட்கா வண்டியில் வரவழைத்தோம். அவர் பானட்டைத் திறந்து விளக்கைக் காட்டித் துழாவினார். கொஞ்ச நேரத்தில் "வாங்கம்மா, பாருங்க" என்றார்.

விசையிலிருந்து வரும் கம்பிகள் ஸ்டியரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்தக் குழாய் அசையக் கூடாது. அதைப் பிடித்திருந்த கவ்வி தளர்ந்து போயிருந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் சில சமயம் குழாயும் கூடவே திரும்பிக் கம்பியை இழுத்துக்கொள்ளும். கம்பிக்கு மேலே துணி உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. நேராக இருக்கையில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு மின்சாரம் ஓடும். இழுத்தால் ஓடாது. வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினால் குழாய் தானே பழைய இடத்துக்கு வந்துவிடும்.

"வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார் மேஸ்திரி. "நேரா நிறுத்திப் பாத்தா ஆயுசுக்கும் கண்டுபுடிக்க முடியாது. ஸ்டேசன்லயும் நேராத்தான் நிறுத்தியிருப்பாங்க. கோர்ட்டுல வந்து சொல்றேம்மா, கவலப்படாதீங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக ஏகாம்பரத்திடம் சொன்னேன். "நீங்க சொன்னது சரி. கை வரலை."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க போட்டீங்களா?"

"போட்டேன். கம்பி அறுந்திருக்கு."

"அப்போ நாம ரெண்டு பேருமே நெசந்தான் சொல்லிகினு கீறோம்" என்றார். அத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். காயமும் அன்று சிவந்து சுத்தமாக இருந்தது.

சொல்லாமல் வைத்திருந்தது

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எழுதத் தயங்கியிருக்கமாட்டேன்.

விபத்துக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு மூன்று தடவை 'டக்' சத்தம் வராமல் இருந்திருக்கிறது. ஒரு தடவை பின் இருக்கையில் இருந்த ரத்தினமே, "கை வரலை டாக்டரம்மா" என்றாள். நான் முஷ்டியால் தூணைத் தட்டினேன். சற்றுப் பொறுத்து கை எழுந்தது. தட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அது தட்டியதால் எழவில்லை, வண்டி குலுங்கியதால் எழுந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் கையை நம்ப முடியாது. தெரிந்தும் ஜன்னல் வழியே என் சொந்தக் கையை நீட்டவில்லை. மேஸ்திரியிடமும் போகவில்லை. அம்மைத் தடுப்பு ஊசி போடும் வேலை நெருக்கிக்கொண்டிருந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன்.

என் அக்காவின் கணவர் வக்கீல். அவர்தான் எனக்காக ஆஜரானார். அவரிடம் இதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்தார்.

"எஸ்தர், மேஸ்திரி சாட்சி சொன்னா போதும். யாருக்கும் தெரியாத பழுது. கேஸ் அதோட தீர்ந்தது. அதுக்கு முன்னாடி நடந்ததை யாரும் கேட்கப்போறதில்ல."

"கேட்டா, அத்தான்?"

"தெரியாதுன்னு சொல்லு. ரத்தினத்தைச் சாட்சிக்கு நான் கூப்பிடமாட்டேன்."

விசாரணைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தன. விபத்துக்குப் பிறகு வந்த நாட்களைவிட அந்த நான்கு நாட்கள் மோசம். முன்பு எனக்கு உண்மை எதுவென்று தெரியாமல் பயந்தேன். இப்போது தெரிந்துகொண்டு பயந்தேன். லைசென்ஸ் போனால் அவசரக் கேஸ்களுக்கு எப்படிப் போவது? டாக்டர் அலட்சியமாக ஓட்டினாள் என்று ஊர் பேசினால் பிரசவத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? எல்லாமே நியாயமான கேள்விகள். அதனால்தான் அவை இன்னும் தொல்லை கொடுத்தன. ரத்தினம் மருந்து பாட்டில்களை அடுக்கிக்கொண்டு, அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாள்.

சப் மாஜிஸ்திரேட் மெலிந்த மனிதர், அடிக்கடி இருமினார். ஏகாம்பரம் அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து தான் பார்த்ததைச் சொன்னார். தாவூத் மேஸ்திரி அறுந்த கம்பியைக் கையில் பிடித்துக் காட்டினார். மாஜிஸ்திரேட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இந்தப் பழுது இதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா?"

அத்தான் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் இருமி முடிக்கும்வரை எனக்கு நேரம் கிடைத்தது.

"கம்பி அறுந்தது தெரியாது. கை சில சமயம் எழாதுன்னு தெரியும். ஒரு மாசமாத் தெரியும்."

அத்தான் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அபராதம் விதித்தார்கள், ஆறு மாதத்துக்கு லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள்.

வெளியே வராந்தாவில் ஏகாம்பரம் நின்றிருந்தார்.

"இத்தினி நாள் எங்கூட்டுக்கு வந்துகினு இருந்தீங்களே" என்றார். "தெனமும் பக்கத்துல உக்காந்துகினு இருந்தீங்க. எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம். கோர்ட்டில் சொல்வதற்கு முன் அவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மாட்டு வண்டியில்

அவர் கால் பிழைத்தது. மழைக்காலத்தில் வலிக்கும், வேகமாக நடந்தால் கொஞ்சம் சாயும். மறு போகத்துக்கு வயலில் இறங்கிவிட்டார். ஆறு மாதம் நான் ஜட்காவிலும் மாட்டு வண்டியிலும் போய்வந்தேன். இரண்டு பிரசவங்களுக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை. தாய்மார்கள் பிழைத்தார்கள். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அந்தக் குழந்தையை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தீர்ப்புக்கு மறுநாள் காலை சேக்காட்டுக்குப் போவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். காயம் முழுவதும் மூடவில்லை. ஒரு நாள் விட்டாலும் பயம்தான். மாட்டு வண்டி அமர்த்திக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

வீட்டு வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள். உள்ளே ஏகாம்பரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது தெரிந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு வண்டியருகிலேயே நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அத்தனை வாரங்களில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அவருக்குக் கோவம் கீது. எனக்கும் கீது" என்றாள். "அதுக்குன்னு கட்டு மாத்தாம இருக்க முடியுமா? உள்ள வாங்க."